ஒன்றரை அடிச் சுவர்

பன்னிரண்டடிச் சுவரில் பத்தரை அடிக்கு வால்பேப்பர் குருவி பறக்கிறது. மிச்சம் ஒன்றரை அடி வெறும் சிமெண்டுப் பூச்சு. இதை எழுதும்போதும் அந்தச் சுவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் காரைக்குடிக்குக் கூட்டி வருகிறோம், தலைப்பிரசவம் இங்கேதான். பெயிண்ட் வாடை அடித்தாலே அவளுக்குக் குமட்டுகிறது. அதனால்தான், "கட்டில்ல படுத்தா எதிர்ல தெரியுற சுவருக்கு மட்டும் காகிதம் ஒட்டிருங்க ஆத்தா, சின்னச் சின்னக் குருவி போட்டது" என்று கேட்டாள். அவள் கேட்டது அவ்வளவுதான். ஓர் அறை, ஒரு சுவர்.

காரைக்குடியில் நாலு கடை, தேவகோட்டையில் ஒன்று, மதுரை வரைக்கும் போய் ஒன்று. ஆறு கடையிலும் ஒரே பாட்டு. "வால்பேப்பர் ஃபேஷனெல்லாம் போயிருச்சு ஆச்சி, இப்ப யாரு ஒட்டுறா?" சொல்லிவிட்டு உடனே கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப் போகிறார்கள். வரிவரியாகக் குழி விழுந்த பிவிசி பேனல், பளிங்கு மாதிரி பளபளக்கும் பிளாஸ்டிக் ஷீட், பின்னால் விளக்கு எரியும் கறுப்புப் பலகை. பேறுகாலத்துக்கு வருகிற பெண் படுக்கும் அறைக்குக் கறுப்புப் பலகை! அறை யாருக்கு, சுவர் எத்தனை அடி, வெயில் படுமா, ஓதம் ஏறுமா, இதில் ஒன்றையாவது கேட்டிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஒருவரும் கேட்கவில்லை. குடோனில் எது அடுக்கியிருக்கிறதோ அதுதான் ஃபேஷன். இல்லாதது எல்லாம் பழசு.

உண்மையிலேயே பழசாகிவிட்டதா என்று இரண்டு இரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். பிரான்சில் ரிக்ஸ்ஹைம் என்ற ஊரில் சூபர் என்ற நிறுவனம் 1797-லிருந்து சுவர்க் காகிதம் செய்கிறது. மரக்கட்டையில் செதுக்கிய அச்சை வைத்துக் கையால் அச்சடிப்பதை இன்றும் விடவில்லை. அவர்கள் 1834-இல் போட்ட அமெரிக்கக் காட்சிகளை, இடிக்கப்போகிற ஒரு பழைய வீட்டிலிருந்து உரித்து எடுத்து வந்து, 1961-இல் வெள்ளை மாளிகையில் ஒட்டினார்கள். ஏற்பாடு செய்தவர் அன்றைய அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி ஜாக்குலின் கென்னடி. இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் 1887-இல் வரைந்த வில்லோ இலை டிசைன் இன்றைக்கும் ரோல் ரோலாக விற்கிறது. நடுவில் மவுசு குறைந்த காலமும் உண்டு, திரும்பி வந்த காலமும் உண்டு. ஒரேயடியாகப் போய்ச் சேரவில்லை. எதிரில் நிற்கிறவருக்கு என்ன தெரியும் என்ற தைரியத்தில் "போயிருச்சு" என்று ஒரே சொல்லில் அடித்துவிடுகிறார்கள்.

ஃபேஷனைப் பற்றிச் செட்டிநாட்டுக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். பள்ளத்தூரில் எங்கள் ஐயா வீட்டு முகப்பில் ஜப்பான் டைல்ஸ் பதித்திருக்கிறது, பூ எல்லாம் புடைப்பாக, கை வைத்தால் இதழ் தட்டும். பட்டாலை, அதாவது கூடத்துத் திண்ணை, அதன் தூண் பர்மாத் தேக்கு. நிலைக்கண்ணாடி பெல்ஜியம். கப்பலில் வந்த இறங்கு சாமான்தான் எல்லாம். அவர்களும் அன்றைக்கு ஃபேஷனாக இருந்ததைத்தான் வாங்கினார்கள், ஆனால் தன் வீட்டுக்கு எது பொருந்தும் என்று பார்த்து வாங்கினார்கள். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து இழைத்த சுவர் இன்னும் முகம் பார்க்கிற மாதிரி நிற்கிறது. அந்தச் சுவரில் நான் எதையும் ஒட்டச் சொல்ல மாட்டேன், ஆணி அடிக்கவும் விட மாட்டேன். காரைக்குடி வீடு வேறு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கட்டியது, சிமெண்டுச் சுவர், காய்ந்த சுவர், தாராளமாகக் காகிதம் ஒட்டலாம். சுவருக்குச் சுவர் பதில் மாறும். இதைச் சொல்ல ஒரு கடைக்காரருக்கு வாய் வரவில்லை.

சொல்லாததோடு நிற்கவில்லை. எங்கள் பங்காளி ஒருவர் தன் பழைய வீட்டு வளவுச் சுவரில் (உள் முற்றத்தைச் சுற்றிய சுவர்), பளபளப்பு மங்கிவிட்டது என்று ஒரு கான்ட்ராக்டர் பேச்சைக் கேட்டு வினைல் ஒட்டினார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன் மேல் பிளாஸ்டிக்கைப் போர்த்தினால் ஈரம் எங்கே போகும்? ஐப்பசி மழை முடிந்ததும் அங்கங்கே பொம்மிக்கொண்டு வந்தது. உரித்தபோது பின்னால் கறுப்பாகப் பூஞ்சை, கூடவே பூச்சும் பாளம் பாளமாகக் கையோடு வந்துவிட்டது. அந்தப் பூச்சைத் திரும்ப இழைக்கத் தெரிந்த கொத்தனாரை இன்றைக்கு எத்தனை ஊர் போய்த் தேடுவது! அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஏழாவதாக ஒரு கடையில் தடியான கேட்லாக்கைக் கொடுத்தார்கள். நான் முதலில் விரல் வைத்த மூன்று டிசைனும் "ஸ்டாக் இல்லை, கம்பெனி நிறுத்திட்டாங்க". நிறுத்திய டிசைனைக் கேட்லாக்கில் எதற்கு வைத்திருக்கிறீர்கள்? நாலாவதாகக் கிடைத்தது வெளிர் பச்சையில் குருவி. மனசு குளிர்ந்துபோனது, உண்மையைச் சொல்கிறேன். சுவர் அளவைச் சொன்னேன்: அகலம் 12 அடி, உயரம் 11 அடி. கடைப் பையன் கால்குலேட்டரைத் தட்டினான். 132 சதுர அடி. ஒரு ரோல் 57 சதுர அடி. "மூணு ரோல் போதும் ஆச்சி, மிச்சமே வரும்." முதலாளியும் தலையாட்டினார்.

இங்கேதான் ஏமாந்தேன். காகிதத்தைச் சதுர அடியில் கணக்குப் போடவே கூடாது, பட்டைக் கணக்கு போட வேண்டும், பட்டை என்றால் மேலிருந்து கீழ் வரை ஒட்டுகிற ஒரு நீளத் துண்டு. ரோலின் அகலம் 21 அங்குலம், நீளம் 10 மீட்டர், அதாவது 33 அடிக்குக் கொஞ்சம் குறைவு. 12 அடிச் சுவருக்கு ஏழு பட்டை வேண்டும். சுவர் 11 அடி உயரம், மேலும் கீழும் வெட்டிச் சமன் செய்ய இரண்டு இரண்டு அங்குலம், பக்கத்துப் பட்டையின் குருவியோடு இந்தப் பட்டையின் குருவி சேர இன்னும் கொஞ்சம். ஆக ஒரு ரோலில் இரண்டு பட்டைதான் தேறும். மிச்சத் துண்டு கதவுக்கு மேலே, ஜன்னலுக்குக் கீழே ஆகும், முழுச் சுவருக்கு ஆகாது. மூன்று ரோலுக்கு ஆறு பட்டை. ஏழாவது பட்டைக்கு நாலாவது ரோல் வேண்டும். கேட்லாக்கை விரிக்கிற தொழிலில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டாமா? ஒட்ட வந்த ஆள், அவரும் கடை அனுப்பியவர்தான், ஆறு பட்டையை ஒட்டி முடித்துவிட்டு, "இன்னொரு ரோல் வேணும்மா" என்கிறார். ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை டேப்பைப் பிடித்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

நாலாவது ரோல் சென்னையிலிருந்து வரப் பதினோரு நாள். வந்ததைப் பிரித்தால் பச்சை வேறு பச்சை. பழையது வாழைக் குருத்துப் பச்சை, இது லேசாக மஞ்சள் ஏறியது. குருவி அதே குருவி, நிறம் சேரவில்லை. லேபிளைப் பார்த்தேன். டிசைன் எண் ஒன்று, லாட் எண் வேறு. ஒவ்வொரு தடவை அச்சடிக்கும்போதும் மை கொஞ்சம் மாறும், அதற்காகத்தான் லாட் எண்ணையே போடுகிறார்கள். ஒரு சுவருக்கு ஒரே லாட்டில் வாங்க வேண்டும் என்பது இந்த வியாபாரத்தின் அரிச்சுவடி. ஜவுளிக் கடையில் ரவிக்கைத் துணி வாங்கும்போதே வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ச் சேலையோடு வைத்துப் பார்க்கிற ஊர் இது! இங்கே உட்கார்ந்துகொண்டு நிறம் பார்க்காமல் ரோலை அனுப்புகிறார்கள்.

போன் போட்டால் முதலாளி சொல்கிறார்: "கொஞ்சூண்டு வித்தியாசம்தானே ஆச்சி, ஓரத்துல பீரோவை நிப்பாட்டிட்டா தெரியாது." ஏன் மறைக்க வேண்டும்? முழுச் சுவருக்குக் காசு வாங்கியிருக்கிறார். தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பதிலாக, "அந்த ஓரத்துக்கு ஆத்தங்குடி டிசைன்ல ஸ்டிக்கர் இருக்கு, பார்டர் மாதிரி கொடுத்துரலாம்" என்றார். ஆத்தங்குடி இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். கண்ணாடித் தட்டில் அச்சை வைத்து, கையால் சாயம் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறப் போட்டு அந்தத் தரைக்கல்லை எடுக்கிறார்கள். எங்கேயோ அச்சடித்த அதன் நகலை, காரைக்குடியில், தரைக்குக் கூட இல்லை, சுவருக்கு ஒட்டச் சொல்கிறார். அதற்கு மேல் பேசப் பிடிக்காமல் போனை வைத்துவிட்டேன்.

வேற்று லாட் ரோலை ஆட்டோவில் போட்டுத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. பழைய லாட் எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு நாளைக் காலை முதல் பஸ்ஸில் திருச்சிக்குப் போகிறேன், அங்கே மூன்று கடையில் விசாரிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஆறு பட்டையையும் உரித்துவிட்டு நாலு ரோலும் ஒரே லாட்டில் வாங்கி ஒட்டுவேன். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அந்தச் சுவருக்கு முன்னால் பீரோ வராது.