கல்லாவில் ஓடாத புராஜெக்டுக்கு எதற்கு மார்க்?

இறுதியாண்டு புராஜெக்டை நிஜமான ஒரு வாடிக்கையாளருக்குச் செய்யுங்கள் என்று சில பொறியியல் கல்லூரிகள் சொல்லத் தொடங்கியிருக்கின்றன. காசு கொடுத்து வாங்கி வந்து பெயர் மாற்றிக் காட்டும் புராஜெக்டைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் மார்க் போடும் முறை மட்டும் பழையதுதான்: ரிவ்யூக்கள், கடைசியில் வைவா, பைண்டிங் செய்த அறிக்கை. எதற்கு மார்க்கோ அதைத்தான் மாணவர்கள் செய்வார்கள். எனவே மென்பொருள் வைவா நாளில் மட்டும் ஓடுகிறது. மாணவர்கள் பக்கத்தில் இல்லாமல் வாடிக்கையாளர் தன் கையால் இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகே பாதி மார்க்கைத் தர வேண்டும் என்பது என் கருத்து.

ஓர் அரிசி மண்டிக்கு பில்லிங் மென்பொருள், நான்கு பேர் குழு என்று வைத்துக்கொள்வோம். முதல் சந்திப்பில் "அண்ணாச்சி, உங்களுக்கு என்னென்ன வேணும்?" என்பார்கள். "பில் போடணும், ஸ்டாக் பாக்கணும் தம்பி" என்பார் அவர். அதை எழுதிக்கொண்டு வந்து நேரே லாகின் பக்கத்தில் ஆரம்பிப்பார்கள். (எல்லாப் புராஜெக்டும் ஏனோ லாகின் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. கல்லாவில் உட்காருவதோ ஒரே ஆள்.)

செய்ய வேண்டியது வேறு. ஒரு காலைப்பொழுது முழுக்கக் கல்லா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் அனுமதியோடு பேரேட்டில் பத்துப் பக்கத்தைப் படம் எடுக்க வேண்டும். அப்போதுதான் விஷயங்கள் வெளியே வரும். வியாபாரத்தில் பெரும்பகுதி கடன். ஒரு பில்லுக்கான பணம் மூன்று தடவையாக வருகிறது. கிழிந்த மூட்டை திரும்பி வருகிறது. ஒரே ரகத்துக்கு ஆளைப் பொறுத்து விலை. 26 கிலோ பை எதற்கு என்று கேட்டால் வரிக்கதையே வரும்: 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜிஎஸ்டி. அதைத் தாண்டிய பைக்கு அந்த வரி இல்லை. 'பொன்னி என்றால் இவ்வளவு வரி' என்று பொருளுக்கு ஒரே எண் வைத்த டேட்டாபேஸ் அங்கேயே உடையும். வரியைப் பையின் அளவோடு சேர்த்து வைக்க வேண்டும், எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சேர்த்து.

வேலையைப் பிரிப்பதிலும் கோளாறு இருக்கிறது. ஒருவர் திரை, ஒருவர் சர்வர், ஒருவர் டேட்டாபேஸ், நாலாமவர் டாக்குமென்ட். நான்கும் ஒன்றுசேர்வது கடைசி வாரத்தில். அன்றுதான் ஒருவர் தேதியை நாள்-மாதம் என்றும் மற்றவர் மாதம்-நாள் என்றும் வைத்திருப்பது தெரியும். குறுக்கே வெட்டாமல் நெடுக்கே வெட்டுங்கள்: கடன் வரவு முழுவதும், திரை முதல் டேட்டாபேஸ் வரை, ஒருவர் பொறுப்பு, சரக்கு இருப்பு இன்னொருவர். ஜிப் ஃபைலை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாமல், நிரலில் யார் எதை எப்போது மாற்றினார் என்று பதிந்து வைக்கும் 'கிட்' (Git) மென்பொருளில் வையுங்கள். ஒருவர் பிரித்து வைத்து வேலை செய்யும் பிரதி, அதாவது பிராஞ்ச், இரண்டு நாளுக்கு மேல் தனியே கிடக்கக் கூடாது. முதல் வாரமே, ஒரே ஒரு பில் போடும் அளவுக்காவது, கடையில் இருக்கும் அதே பழைய கணினியில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

அங்கே ஓட்டினால்தான் பிரின்டர் பிரச்சினையும் தெரியும். மண்டியில் இருப்பது 58 அல்லது 80 மில்லிமீட்டர் தெர்மல் ரோல். மாணவர்கள் வடிவமைத்ததோ ஏ4 பில். மலிவான தெர்மல் பிரின்டர்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இருக்காது. தமிழ் பில்லைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். பணத்தைத் தசமப் புள்ளியோடு ஃப்ளோட்டில் (தசம எண்களைத் தோராயமாகச் சேமிக்கும் வகை) வைத்தால் மாதக் கடைசியில் சில காசுகள் இடிக்கும். பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். தப்பான பில்லை அழிக்கும் பட்டனே வேண்டாம். ரத்து என்று குறித்து, கணக்கில் எதிர்ப்பதிவு போடுங்கள். தமிழ்ப் பெயர்கள் உள்ள சிஎஸ்வி ஃபைல் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) எக்செல்லில் கோழிக்கிறுக்கலாகத் திறந்தால், முதலில் யூடிஎஃப்-8 பிஓஎம் (எழுத்துக்குறி முறை எது என்று ஃபைலின் தொடக்கத்தில் சொல்லும் அடையாளம்) சேர்த்துப் பாருங்கள்.

"பாக்கி நினைவூட்ட எஸ்எம்எஸ் போகும்" என்று ரிவ்யூவில் சொல்வது சுலபம். கடைசி வாரம்தான், வணிக எஸ்எம்எஸ் அனுப்புவோர் தொலைபேசி நிறுவனங்களிடம் செய்ய வேண்டிய டிஎல்டி பதிவு என்று ஒன்று இருப்பது தெரியவரும்: கடையின் பெயரில் பதிவு, அனுப்புநர் பெயராகத் தெரியும் ஹெடர், ஒவ்வொரு வாசகத்துக்கும் டெம்ப்ளேட் ஒப்புதல். தமிழ் எஸ்எம்எஸ்ஸின் வரம்பு 70 குறியீடு. புள்ளி வைத்த மெய்யெழுத்து ஒன்றே இரண்டு குறியீடு. தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் கட்டணம்.

ஒப்படைப்பை யாரும் வேலையாகவே நினைப்பதில்லை. டொமைனும் சர்வரும் ஒரு மாணவரின் ஜிமெயிலிலோ, படிப்பு முடிந்ததும் மூடப்படக்கூடிய கல்லூரி மெயிலிலோ இருக்கும். ஓடிபி அவர் போனுக்குப் போகும். அவர் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். எல்லாக் கணக்கும் முதல் நாளிலிருந்தே கடைக்காரர் பெயரில் இருக்கட்டும். இலவச சர்வர்கள் சில, ஆள் வராவிட்டால் தூங்கிவிடும். ரெண்டர் (Render) என்ற சர்வர் சேவையின் இலவசத் திட்டத்தில் 15 நிமிடம் போதும். காலை முதல் பில்லுக்கு லோடுமேன் காத்து நிற்க, திரை சுற்றிக்கொண்டிருக்கும். மாதக் கட்டணம் எவ்வளவு, யார் கட்டுவது என்பதை ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பேக்கப் எடுத்தால் போதாது. அதை வேறொரு கணினியில் கடைக்காரரே ஒருமுறை மீட்டுப் பார்க்க வேண்டும். கடையில் வாங்குவோரின் போன் நம்பரும் பாக்கித்தொகையும், நிரலைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் கிடக்கும் குழுக்களும் உண்டு. சோதனைக்குப் பொய்யான பெயர்களைப் போடுங்கள்.

"இதற்கெல்லாம் செமஸ்டரில் நேரம் ஏது?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். ஜனவரியில் தொடங்கினால் மார்ச் நடுவோடு புது வசதி சேர்ப்பதை நிறுத்திவிடலாம். அறிக்கையில் பாதிப் பக்கம் எல்லாரும் நகலெடுக்கும் முன்னுரைதான். அதை வெட்டினாலே ஒரு வாரம் மிச்சம். தன் கையால் பயன்படுத்தும் அந்த இரண்டு வாரத்தில் கடைக்காரர் சொன்ன குறைகள் எத்தனை, அதில் எத்தனை சரியாயின, எதை ஏன் செய்யவில்லை என்ற பட்டியல்தான் வைவாவில் மேசைமேல் இருக்க வேண்டும்.

வாடிக்கையாளருக்கும் கடமை உண்டு. வாரம் ஒரு மணி நேரம், முடிவெடுக்கக்கூடிய ஒரே ஆள். மூன்றாவது வாரத்துக்குள் அது கிடைக்கவில்லை என்றால் வேறு வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ள மாணவர்களுக்கு அனுமதி கொடுங்கள், மார்க் குறைக்காமல்.