அது காலாவதித் தேதி இல்லை

"டயர் ஓரத்தில் 2321 என்று இருந்தால் 2021-லேயே காலாவதி, கடைக்காரர் சொன்னபடி நாலையும் மாத்திடுங்க" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. அது டயர் தயாரான தேதி. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அதாவது 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரம்.

பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு கடையில் எனக்கும் இதே கதைதான். "அண்ணா, உயிர் முக்கியம்" என்று நல்ல தமிழில், உருக்கமாக! பஞ்சர் ஒட்டப் போனவனுக்கு நாலு டயரா என்று ஜே.சி. ரோட்டில் இன்னொருவரிடம் காட்டினேன். அவர் குனிந்து, டயர் பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன மேடுகளைக் காட்டினார். கார் டயரில் அவை 1.6 மி.மீ. உயரம், மேல்பரப்பு தேய்ந்து அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். என்னுடையதில் இன்னும் நல்ல ஆழம் இருந்தது.

அதற்காக வயதைப் பார்க்கவே வேண்டாம் என்றில்லை. ரப்பர் நாளடைவில் இறுகும். பக்கவாட்டில் வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் ஆழம் இருந்தாலும் மாற்றுங்கள். அப்புறம், புது டயர் வாங்கும்போதும் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டுபவர்களும் உண்டு.