நாலு வாஷருக்குக் கணக்குப் பார்த்து இன்ஜினைக் கொல்றாங்க

டர்போ (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற சாமான்) போச்சுன்னு அதை மாத்துறாங்க. மூணே மாசத்துல புது டர்போவும் ஊளையிடுது. உடனே "டூப்ளிகேட் சாமானை மாட்டி ஏமாத்திட்டான்"னு சண்டை. அந்த டர்போவுக்கு ஆயில் எந்த வழியா வருது, ஏன் வராம போச்சுன்னு ஒருத்தராவது வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தாங்களா? ம்ஹூம். ஆயில் பேனை, அதான் இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்குற தொட்டியை, கழட்டினா சட்டை அழுக்காயிடும்ல.

நான் சொல்றது டொயோட்டாவோட முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் 3.0 டீசல். 2009-ல இருந்து 2016 வரைக்கும் இந்தியாவுல வித்தது. உள்ள இருக்கிறது 1கேடி-எஃப்டிவி இன்ஜின், 2,982 சிசி, நாலு சிலிண்டர். இலங்கையில ஓடுற பழைய ஹைலக்ஸ், பிராடோ நிறையவற்றுலயும் இதேதான். நல்லா பார்த்துக்கிட்டா லட்சக்கணக்கான கிலோமீட்டர் அசராம ஓடும். ஆனா இதுக்கு ஒரு பழைய வியாதி உண்டு. இந்த இன்ஜின்ல கை வெச்ச எல்லாருக்கும் அது தெரியும், அதனாலதான் வயித்தெரிச்சலே.

டீசலைப் பீய்ச்சுற சாமான் இன்ஜெக்டர். ஒவ்வொரு இன்ஜெக்டரோட மூக்குக்குக் கீழயும் ஒரு சின்ன வாஷர். சிலிண்டருக்குள்ள எரியிற வாயு மேல ஏறாம தடுக்கிறது அது ஒண்ணுதான். வருஷக் கணக்கா சூட்டையும் பிரஷரையும் தாங்கித் தாங்கி அது சோர்ந்து போகும், ஓரமா கசியும். சில டீசல் இன்ஜின்ல இந்தக் கசிவு வெளியவே தெரியும்: புஸ் புஸ்ஸுன்னு சத்தம் வரும், இன்ஜெக்டரைச் சுத்தித் தார் ஊத்தின மாதிரி கரி கட்டும், ஏசி வழியா புகை நாத்தம் அடிக்கும். இந்த இன்ஜின்ல இன்ஜெக்டரோட அடிப்பாகம் டேப்பட் கவருக்குள்ள (இன்ஜினோட மேல் மூடி) மறைஞ்சு கிடக்கு. அதனால கசியிற வாயு வெளிய வராது, கரியோட நேரா ஆயிலுக்குள்ள இறங்கும். வெளியில பார்த்தா இன்ஜின் பளபளன்னு இருக்கும்.

அந்தக் கரி சிப்ஸ் மாதிரி கெட்டியா, துண்டு துண்டா ஆயில் பேன்ல போய்ச் சேரும். பேனுக்குள்ள ஆயில் பம்ப் உறிஞ்சுற இடத்துல ஒரு வலை இருக்கு, ஸ்ட்ரெயினர். கரி அங்கதான் அப்பும். ஆயில் ஃபில்டர் பம்புக்கு அப்புறம் வர்ற சாமான், ஸ்ட்ரெயினர் பம்புக்கு முன்னாடியே இருக்கு. அதனால நீங்க 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஃபில்டர் மாத்தினாலும் சரி, கடையிலயே விலை ஜாஸ்தியான சிந்தெட்டிக் ஆயிலை ஊத்தினாலும் சரி, வலையில ஒட்டின கரி அப்படியேதான் இருக்கும். "நான் ஆயில் விஷயத்துல காம்ப்ரமைஸே பண்ண மாட்டேன்"னு நெஞ்சை நிமித்துற ஆளுங்களைப் பார்த்தா அழுகையா வருது. ஊத்துற ஆயில் மேல ஏறணுமேய்யா!

வலை அடைச்சா முதல்ல பட்டினி கிடக்கிறது டர்போ. அடுத்தது இன்ஜினோட முக்கியத் தண்டைத் தாங்குற கிராங்க் பேரிங். அதுக்கப்புறம் மொத்த இன்ஜின் வேலை.

பெரும்பாலும் அறிகுறி காட்டாம இது வர்றதில்லை. ஆயில் மாத்தின உடனே முதல் ஸ்டார்ட்ல ஆயில் லைட் அணைய வழக்கத்தை விட நேரம் எடுக்கும், மேல கடகடன்னு ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்டா ஒர்க்‌ஷாப்புல வர்ற பதில், "ஃபில்டர் காலியா இருந்துச்சு சார், அப்படித்தான் இருக்கும்." ஒரு ரெண்டு செகண்டுன்னா சரி. அஞ்சாறு செகண்டு எரியுதுன்னா அது ஃபில்டர் நிறையறதுக்காக இல்லை. அடுத்த பதில் இன்னும் அருமை: "ஸ்கேன்ல ஒண்ணும் வரலையே சார்." எப்படி வரும்? வாஷர்ல சென்சார் இருக்கா? ஸ்ட்ரெயினர்ல சென்சார் இருக்கா? ஸ்கேனர் காட்டாத வியாதியே கிடையாதுன்னு எவன் சொல்லிக் கொடுத்தது?

ஸ்கேனரை உருப்படியா பயன்படுத்தவும் வழி இருக்கு. சூடான இன்ஜின் ஐட்லிங்ல ஓடும்போது நாலு இன்ஜெக்டருக்கும் ஃபீட்பேக் வேல்யூ பாருங்க. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியு (இன்ஜினோட கம்ப்யூட்டர்) எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைச்சுச் சமாளிக்குதுன்னு அது சொல்லும். ப்ளஸ் 3-ஐயோ மைனஸ் 3-ஐயோ தாண்டினா அந்த இன்ஜெக்டர் மேல சந்தேகப்படணும். ஆனா நாலு எண்ணும் சுத்தமா இருந்தாலும் வாஷர் கசியலாம். அது வேற வியாதி, இது வேற வியாதி.

கண்ணால பார்க்க ரெண்டு இடம் இருக்கு. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து டார்ச் அடிச்சா வால்வைத் திறக்கிற கேம்ஷாஃப்ட் பக்கம் தெரியும். அங்க கருப்பா மொறமொறன்னு பொருக்கு இருந்தா மேற்கொண்டு ஆராய்ச்சியே தேவையில்லை. ரெண்டாவது, ஆயிலை வடிச்ச பிறகு ட்ரெயின் போல்ட் ஓட்டை வழியா ஃபோன்ல மாட்டுற சின்ன கேமரா ஒயரை விட்டு ஸ்ட்ரெயினர் வலையைப் பாருங்க. பத்து நிமிஷ வேலை. எப்படியும் ஆயில் மாத்தும்போது அந்த ஓட்டை திறந்துதானே கிடக்கு? இதைச் செய்யாம "ஜெனரல் சர்வீஸ்"னு பில் போட மட்டும் கை வருது.

இப்ப வீட்டுலயே செய்யிறவங்க பக்கம் வர்றேன். உங்களையும் சும்மா விடப் போறதில்லை. வீடியோ பார்த்து நாலு வாஷரை மாத்திட்டு "முடிஞ்சுது"ன்னு கையைத் துடைக்கிறீங்களே, ஏற்கெனவே கீழ இறங்கின கரி எங்க போச்சு? வாஷர் பாதி வேலை, ஸ்ட்ரெயினர் பாதி வேலை. மேல மட்டும் செஞ்சா பழைய கரி கொல்லும். கீழ மட்டும் கழுவினா புதுக் கரி வந்து கொல்லும். ஊர்ல முக்கால்வாசிப் பேர் செய்யிறது இந்தப் பாதி வேலைதான்.

மேல் வேலையில ஆரம்பத்துலயே ஒரு எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போது காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஹை பிரஷர்ல டீசல் கொடுக்கிற குழாய்) பைப் நட்டை லூஸ் பண்ணி "எந்த சிலிண்டர் மிஸ்ஸிங்"னு பார்க்கிறது பழைய பம்ப் வண்டியோட போச்சு. இங்க பிரஷர் 1,000 பாரைத் தாண்டும். அந்த டீசல் தோலைத் துளைச்சு உள்ள போனா வெளிய ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், ரத்தம்கூட வராது. ஆனா உடனே ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணாட்டி விரலே போயிடும். ஆஃப் பண்ணி இன்ஜின் ஆறின பிறகுதான் ஸ்பேனரையே எடுக்கணும்.

மேல உட்கார்ந்திருக்கிற இன்டர்கூலரைக் கழட்டின உடனே, எந்த பைப்பையும் தொடறதுக்கு முன்னாடி, சுத்தியுள்ள மண்ணு தூசியை ஊதித் துடைச்சிடணும். பைப் கழண்ட ஒவ்வொரு வாயையும் உடனே மூடணும். வாய்க்குள்ள பழைய பனியன் துணியைத் திணிக்கிறவங்களை என்ன சொல்றது? அதுல இருந்து வர்ற ஒரு நூல் போதும் இன்ஜெக்டரைக் காலி பண்ண. இன்ஜெக்டருக்கும் பைப்புக்கும் 1, 2, 3, 4-னு நம்பர் போட்டு வைங்க. பைப் முனை அதோட இன்ஜெக்டர்ல உட்கார்ந்து பழகினது, மாத்தி மாட்டினா கசியும். புது இன்ஜெக்டர் போட்டா பைப்பும் புதுசுதான் போடணும்.

இன்ஜெக்டர் இறுகிப் போயிருந்தா ஸ்க்ரூட்ரைவரை அடியில விட்டு நெம்பாதீங்க. ஸ்லைட் ஹேமர் புல்லரை மாட்டி நேரா மேல இழுக்கணும். நெம்பினா ஒண்ணு இன்ஜெக்டர் தலை உடையும், இல்லை சிலிண்டருக்கு மேல மூடியிருக்கிற ஹெட்ல கீறல் விழும். வெளிய வந்த பிறகு மூக்கை ஒயர் பிரஷ் போட்டுத் தேய்க்கிற பழக்கம் இருக்கே, கடவுளே! தலைமுடி சைஸ் ஓட்டை அதெல்லாம். கிளீனர்ல ஊற வெச்சுத் துணியால துடைச்சாலே போதும்.

வாஷர் விஷயத்துக்கு வருவோம். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு மாட்டுறது, நெருப்புல காட்டித் தண்ணியில போட்டு மறுபடி பயன்படுத்துறது, கசிவு நிக்கணும்னு ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு வாஷர் போடுறது, எல்லாமே நடக்குது. ரெண்டு வாஷர் போட்டா இன்ஜெக்டர் மூக்கு மேல தூக்கிடும், டீசல் பிஸ்டன்ல விழ வேண்டிய இடத்துல விழாது, புகை தள்ளும். இதையெல்லாம் செய்யிறவர் ஒரு வேளை சாப்பாட்டுக்குக் கொடுக்கிற காசைத்தான் மிச்சம் பிடிக்கிறார். சில சமயம் பழைய வாஷர் கீழ ஒட்டிக்கிட்டே நிக்கும், அது தெரியாம மேல புதுசைப் போட்டுடுவாங்க. கழட்டினா நாலு இன்ஜெக்டருக்கு நாலு பழைய வாஷர் கைக்கு வந்துச்சான்னு எண்ணுங்க. நாலு வரை எண்ணத் தெரிஞ்சா போதும்.

புது வாஷர் போட்டும் ஆறே மாசத்துல திரும்பக் கசியிறதுக்குக் காரணம் பெரும்பாலும் சீட். வாஷர் உட்கார்ற இடத்துல கரி ஒரு பொட்டு இருந்தாலும் வாஷர் சமமா உட்காராது, அந்த இடுக்குல வாயு அறுத்துக்கிட்டு வரும். சீட்டைச் சுத்தம் பண்ண அடி தட்டையா உள்ள ரீமர் விக்குது. அதுக்குக் கிரீஸ் தடவிக் கையால மெதுவா சுத்தணும், கரி கிரீஸ்ல ஒட்டிக்கிட்டு வெளிய வரும். குச்சியில உப்புத்தாள் சுத்தித் தேய்க்கிறதும், ட்ரில் மெஷின்ல பிரஷ் மாட்டிக் கடையிறதும் சீட்டைக் கோணலாக்கும். தேய்ச்ச துகளெல்லாம் சிலிண்டருக்குள்ளதான் விழும். வேக்குவம்ல உறிஞ்சிட்டு மறுபடி டார்ச் அடிச்சுப் பாருங்க.

மாட்டும்போது வரிசை முக்கியம். முதல்ல இன்ஜெக்டரை அமுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்போட போல்ட் ஓட்டைக்குள்ள ஆயில் தேங்கி நிக்குதான்னு பார்த்து ஊதி எடுங்க. ஆயில் மேல போல்ட்டை இறுக்கினா டார்க் எண் (எவ்வளவு இறுக்கியிருக்குங்கிற அளவு) பொய் சொல்லும், ஹெட்டே விரிசல் விடவும் வாய்ப்பிருக்கு. அப்புறம் கிளாம்பை லூஸா வெச்சு, பைப் நட்டை விரலாலயே பிடிக்க விடணும். இன்ஜெக்டர் தானா திரும்பி பைப்புக்கு நேரா வந்து நிக்கும். அதுக்கப்புறம் கிளாம்பு, கடைசியா பைப். கிளாம்பை முதல்லயே இறுக்கிட்டு பைப்பை வளைச்சு மாட்டினா, டீசல் கசியிற இடத்தை நீங்களே உருவாக்கினதா அர்த்தம். இறுக்கிறது டார்க் ரென்ச்லதான், எண் ரிப்பேர் மேனுவல்ல உள்ளது. "கைக்கணக்கு இருபது வருஷ எக்ஸ்பீரியன்ஸ்"ங்கிற பேச்சே இங்க வேண்டாம். கசியிற வாஷரை இன்னும் கொஞ்சம் இறுக்கினா நிக்கும்னு நினைக்கிறதும் இதே ரகம்.

டேப்பட் கவரை மூடறதுக்கு முன்னாடி, இன்ஜெக்டர்ல மிஞ்சின டீசல் திரும்பிப் போற ரிட்டர்ன் பைப்பைப் பாருங்க. அதுவும் கவருக்கு உள்ளதான் இருக்கு. அதோட சின்ன வாஷர்களையும் புதுசா போட்டு, லேசா பிரஷர் கொடுத்துக் கசியுதான்னு பார்க்கணும். விட்டீங்கன்னா டீசல் சொட்டுச் சொட்டா ஆயில்ல கலக்கும். ஆயில் அளக்கிற கம்பியில லெவல் குறையாம ஏறிக்கிட்டே போகும், சில பேர் அதைப் பார்த்து "வண்டி ஆயிலே குடிக்கலை"ன்னு சந்தோஷப்படுவாங்க!

மேனுவல்னு சொன்னதும் இன்னொரு எரிச்சல். 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. எதுக்கு? உதிரி பாகம், ஸ்கேன் கருவி இதையெல்லாம் வெளி மெக்கானிக்குக்குக் கிடைக்க விடலைன்னு. 2022 டிசம்பர்ல மத்திய அரசு "பழுது பார்க்கும் உரிமை"க்குன்னு இணையதளமே திறந்துச்சு, ஆட்டோமொபைலும் அதுல சேர்த்தி. இன்னைக்கும் ஒரு புது இன்ஜெக்டரை மாட்டினா அதோட தலையில அச்சடிச்ச கோட் நம்பரை ஈசியுல ஏத்தித் தர ஆளைத் தேடி அலையணும். அந்த நம்பரை ஏத்தாம ஓட்டினா ஐட்லிங் தட்டும், புகை வரும், "இன்ஜெக்டரே கம்ப்ளைன்ட்"னு நல்ல இன்ஜெக்டரைத் திருப்பிக் கொடுப்பாங்க.

கீழ் வேலை இதை விட லேசு. ஆனா அதுலதான் பெரிய கூத்து. ஆயிலை வடிச்சிட்டு அடியில உள்ள சின்ன பேனைக் கழட்டினா ஸ்ட்ரெயினர் தெரியும். பேன், ஆயில் கசியாம அடைக்கிற பேஸ்ட்ல ஒட்டியிருக்கும், மெல்லிசு பிளேடால சுத்தி அறுக்கணும். உளி வெச்சு அடிச்சா விளிம்பு வளைஞ்சு ஆயுசுக்கும் ஆயில் சொட்டும். ஸ்ட்ரெயினரைக் கழட்டிக் கழுவுங்க, வலை கிழிஞ்சிருந்தா புதுசு போடுங்க. "பேனைக் கழட்டவே வேண்டாம், ஃப்ளஷ் (இன்ஜினை உள்ள கழுவுற திரவம்) ஊத்தி ஓட்டினா கரைஞ்சிடும்"னு சொல்றவங்களை நம்பாதீங்க. அது கரையிற அழுக்கு இல்லை, சுட்ட கரி. ஃப்ளஷ் ஊத்தினா ஓரத்துல சும்மா கிடந்ததும் கிளம்பி வந்து வலையில அப்பும்.

திரும்ப மாட்டும்போது பேஸ்ட்டை இட்லி மேல சட்னி ஊத்துற மாதிரி ஊத்துறாங்க. வெளிய பிதுங்குறது கண்ணுக்குத் தெரியுது, உள்ள பிதுங்குறது? அது காய்ஞ்சு ரப்பர் துண்டாகி, கழண்டு, இப்பத்தான் கழுவின அதே வலையில போய் ஒட்டும். ரெண்டு பக்கமும் பழைய பேஸ்ட்டைச் சுத்தமா சுரண்டி, எண்ணெய்ப் பசை போகத் துடைச்சு, 3 மில்லிமீட்டர் கோடு ஒண்ணே ஒண்ணு. தடவின 3 நிமிஷத்துக்குள்ள பேனை ஏத்திடணும், அதுக்கப்புறம் 2 மணி நேரத்துக்கு ஆயில் ஊத்தக் கூடாது. "வெயில்ல சீக்கிரம் காஞ்சிடும்"னு அவசரப்பட்டா மறுபடி முதல்ல இருந்து.

ஃபில்டரோட சேர்த்துச் சுமார் 7 லிட்டர் ஆயில் பிடிக்கும். 6 லிட்டர் வாங்கிட்டு வந்து "கம்பியில காட்டுதே"ன்னு விடாதீங்க. டீசல் ஃபில்டர் தலையில உள்ள கை பம்பை கெட்டியாகிற வரைக்கும் அழுத்தி லைன்ல காத்தை எடுங்க. முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி நாலு இன்ஜெக்டரோட ஒயர் கனெக்டரையும் பிடுங்கிட்டு, ஸ்டார்ட்டர்ல இன்ஜினை விட்டு விட்டுச் சுத்துங்க, ஆயில் லைட் அணையிற வரைக்கும். இதுல ஃபால்ட் கோடு விழும், அழிச்சுக்கலாம். அப்புறம் கனெக்டரை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. ஆயில் லைட் உடனே அணையாட்டி சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிடுங்க, ஆக்சிலேட்டரை மிதிச்சு "தூக்கி விடுறேன்"னு ரேஸ் பண்ணாதீங்க. 500 கிலோமீட்டர் ஓடின பிறகு அந்த ட்ரெயின் ஓட்டையில மறுபடி கேமராவை விட்டுப் பாருங்க. ஹெட்ல ஒளிஞ்சிருந்த கரி இன்னும் ஒரு தடவை இறங்கியிருக்கும்.