மாட்டுத் தீவன ஆராய்ச்சி யாருடைய மாட்டுக்கு?

கால்நடைப் போசணையைப் பாடமாகத் தெரிவுசெய்தபோது, "மாடு மேய்க்கவா பல்கலைக்கழகம் போகிறாய்?" என்று மாமா கேட்டார். கேட்டவர் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் இரண்டு மாடு கட்டியிருப்பவர். தோட்டத்து நாட்சம்பளம் போதாத வீடுகளில் பால்காசுதான் பிள்ளையின் பாடசாலைச் செலவு. இருந்தும் மாட்டைப் பற்றிப் படிப்பது மட்டும் நமக்குக் கௌரவக் குறைவு!

பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் பதுளையின் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறை இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே போக வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் போனவர்கள் எதை ஆராய்கிறார்கள் என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

எங்கள் துறையில் எல்லோரும் சிபாரிசு செய்வது சீஓ-3 புல். கோயம்புத்தூரில் உருவான அருமையான புல்தான். நடுவதற்கு நிலம்? லயத்துக்காரரிடம் இருப்பது வாசலோரத்துத் துண்டு நிலம். கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகு, கான் ஓரத்திலும் றோட்டோரத்திலும் புல்லறுத்து, புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து வருகிறவள் பெண். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலைகளில் மண்ணைத் தேற்ற ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் மானாப்புல்லும் குவாத்தமாலா புல்லும் நிற்கும். அதில் கை வைத்தால் தோட்ட நிர்வாகம் விடாது. வெட்டிய புல் மண்ணுக்கே மூடாக்காகப் போக வேண்டும் என்பதால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மிஞ்சுவது மரக்கறிக் கழிவு. நுவரெலியாப் பக்கம் கோவா (முட்டைக்கோசு) இலையும் கெரட்டும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கின்றன. மாடும் ஆசையாகத் தின்னும். ஆனால் கோவாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். 30 கிலோ மூட்டையில், தண்ணீர் போக மிஞ்சும் உலர்பொருள் 3 கிலோவைத் தாண்டாது. 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 12 கிலோ உலர்பொருள் வேண்டும். வயிறு நிறைந்தும் பால் ஏன் குறைகிறது என்பதற்குப் பாதி விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. அதே கழிவை வாடவிட்டு, தவிடோ வைக்கோலோ கலந்து, காற்றுப் புகாமல் அமுக்கி வைத்தால் ஊறுபுல்லாகச் சேமிக்கலாம். மருந்தடித்த இலையில் எவ்வளவு எச்சம் பாலுக்குப் போகிறது என்பதையும் அளக்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலைக் கழிவில் புரதம் உண்டு. ஆனால் அதிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் அந்தப் புரதத்தையே பிணைத்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு கொடுக்கலாம், எதோடு கலக்கலாம்? ஒரு கலாநிதிப் பட்டத்துக்குப் போதுமான வேலை, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

பதவி உயர்வுக்கோ வெளிநாட்டுச் சஞ்சிகைக் கட்டுரைக்குத்தான் எடை. தமிழில் நான்கு பக்கக் கையேடு எழுதினால், "நல்ல சமூகசேவை" என்று தோளில் தட்டுவார்கள். 2022 நெருக்கடியில் தீவன விலை ஏறி, புண்ணாக்கு வாங்க முடியாமல் மாட்டை விற்றவர்களுக்கு அந்த நான்கு பக்கம் உதவியிருக்கும். கட்டுரையும் எழுதுவோம், வேண்டாம் என்று யார் சொன்னது? முடிவை முதலில் புல்லறுக்கிறவளிடம் சொல்லிவிட்டு எழுதுவோம்.

உயர்தரத்தில் உயிரியலோ விவசாய விஞ்ஞானமோ படித்துவிட்டு இந்தத் துறைக்கு விண்ணப்பிக்கத் தயங்கும் மலையகத்துத் தம்பி தங்கைகள் உள்பெட்டிக்கு வாருங்கள். வீட்டில் மாமாக்களைச் சமாளிப்பது எப்படி என்பதையும் சொல்லித் தருகிறேன்.