கூண்டுக்குள் கோபி லுவாக்

பாலித் தீவுக்குச் சுற்றுலா சென்று திரும்பும் நம்மவர்கள் பலர், சிறு கோப்பையில் கோபி லுவாக் குடிக்கும் படத்தைத் தவறாமல் பதிவிடுகிறார்கள். பூனை போன்ற மரநாய் தின்று கழித்த எச்சத்திலிருந்து கொட்டையைப் பொறுக்கிச் செய்யும் காப்பி அது. சென்ற ஆண்டு உபுத் அருகே ஒரு தோட்டத்தில் எனக்கும் அந்தக் கோப்பை நீட்டப்பட்டது, நான் வாங்கிக்கொள்ளவில்லை.

அருவருப்பு அதற்குக் காரணமன்று. மரநாய் தின்ற காப்பிப் பழத்தின் சதை செரித்துவிடும். கொட்டையோ தன் கெட்டியான உள்தோல் கழலாமலே எச்சத்தோடு வெளிவரும். அதனால்தான் நன்கு கழுவிய கொட்டை ஹலால் என்று இந்தோனேசிய உலமா சபை 2010-இல் தீர்ப்பளித்தது. செரிமான நொதிகள் கொட்டைக்குள் புகுந்து புரதத்தைச் சிதைப்பதாகக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர் மாசிமோ மார்க்கோனே 2004-இல் எழுதினார். கசப்பு குறைவதற்கு அதுவே காரணமாகலாம் என்கிறார்கள். (நம் செய்தித்தாள்கள் இதைப் ‘புனுகுப்பூனை காப்பி’ என்று எழுதுவது சரியன்று, நாம் புனுகு எடுத்தது வேறோர் இனத்திலிருந்து.)

ஆனால் என் பார்வையில், மரநாயின் வயிற்றைவிட அதன் மூக்குக்குத்தான் இங்கே மதிப்பு அதிகம். மரநாய் இரவில் தனியே திரியும். பழம், பூச்சி, எலி என்று கிடைப்பதையெல்லாம் தின்னும். பாளையில் கட்டிய கள்ளுக் கலயத்தையும் விட்டுவைக்காது. அப்படிப்பட்ட பிராணி காப்பிச் செடியில் கனிந்து சிவந்த பழமாக மோந்து பார்த்துத் தின்பதால்தான் அதன் எச்சத்துக்கு விலை வந்தது. டச்சுக்காரர் ஆட்சியில், பறித்த பழத்தில் ஒரு பிடிகூடத் தமக்கென எடுக்க முடியாத தோட்டத் தொழிலாளர்கள், காட்டோரம் கிடந்த அந்த எச்சத்தைப் பொறுக்கிக் கழுவி வறுத்துக் குடித்தார்கள் என்பது அங்கே வழங்கும் கதை.

நான் பார்த்த கூண்டில் தரையே கம்பி வலைதான். பகலில் உறங்க வேண்டிய மரநாய், சுற்றுலாப் பயணிகள் வலையைத் தட்டத் தட்ட எழுந்து, மூன்றடி போவதும் திரும்புவதுமாக இருந்தது. அதன் முன்னே ஒரு தட்டு நிறையக் காப்பிப் பழம். பாதி பச்சை, சில கறுத்தே போயிருந்தன. பசித்தால் அதைத்தான் தின்றாக வேண்டும் என்ற நிலையில் கனிந்தது எது, காய் எது என்ற பேச்சுக்கே இடமில்லை. பாலியின் 16 தோட்டங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வும், அடிப்படை நலன்களைக்கூட எங்கும் முறையாகப் பேணவில்லை என்றே கண்டது. 1991-இல் இந்தக் காப்பியை பிரிட்டனுக்குக் கொண்டுபோன வணிகர் டோனி வைல்டே, 2013-இல் இதற்கு எதிராக இயக்கம் தொடங்க நேர்ந்தது.

‘காட்டு மரநாய்க் காப்பி’ என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தால் வாங்கலாமே என்பீர்கள். வறுத்த கொட்டையைப் பார்த்து அது காட்டில் பொறுக்கியதா, கூண்டுக்கு அடியில் வாரியதா என்று வாங்குபவர் எப்படிச் சொல்ல முடியும்? அந்தத் தோட்டத்துக் கடையிலும் அதே வாசகத்தோடு பொட்டலங்கள் அடுக்கப்பட்டிருந்தன. உண்மையிலேயே காட்டு மரநாய்தானா என்று வழிகாட்டி இளைஞரிடம் கேட்டேன். அவர் சற்றும் தயங்காமல் கூண்டைக் காட்டி, “ஆமாம் ஐயா, காட்டில் பிடித்ததுதான்” என்றார்.