ஜான் ஹவ்லண்டின் மனைவி கார்வரின் மகள் அல்ல

"1620-இல் மேஃப்ளவர் கப்பலில் வந்த ஜான் ஹவ்லண்ட், ஆளுநர் கார்வரின் மகளைக் கட்டிக்கொண்டவர், அவர் வம்சம் முழுக்க கார்வரின் வாரிசுகள்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (மேஃப்ளவர், இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் பிளிமத்துக்குக் குடியேறிகளை ஏற்றி வந்த கப்பல். ஜான் கார்வர் அந்தக் குடியேற்றத்தின் முதல் ஆளுநர்.) இது தவறு. நம்பியவரைக் குறை சொல்ல முடியாது, ஒரு காலத்தில் பிளிமத்தில் ஹவ்லண்டின் கல்லறைக் கல்லிலேயே அப்படித்தான் பொறித்திருந்தார்கள்.

ஆனால் 1855-இல், லண்டன் ஃபுல்ஹாம் அரண்மனை நூலகத்தில் வில்லியம் பிராட்ஃபோர்ட் எழுதிய பிளிமத் குடியேற்ற வரலாற்றின் கையெழுத்துப் பிரதி இருப்பது தெரியவந்தது. அதே கப்பலில் வந்தவர் அவர். ஹவ்லண்டின் மனைவி எலிசபெத், ஜான் டில்லியின் மகள் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். பத்துப் பிள்ளைகள் என்றும் சொல்கிறார். பாவம், எலிசபெத்துக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது, முதல் குளிர்காலத்திலேயே அப்பா அம்மா இருவரும் இறந்துபோனார்கள். உடன் வந்த சித்தப்பா எட்வர்ட் டில்லியும் பிழைக்கவில்லை.

சரி, எலிசபெத் வழியில் மேலே தேட நினைப்பவர்கள் கார்வரை விட்டுவிட்டு, இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஹென்லோ ஊர் தேவாலயப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். 1607-இல் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அங்கேதான். டில்லி குடும்பத்து தூரத்துச் சொந்தங்களையும் அந்த ஊர்ப்பக்கம்தான் தேட வேண்டும்.