லக்ஸம்பர்க்கில் ஒரே குரல்

1962-இல் இத்தாலி அரசு மின்சார நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியது. ஃப்ளாமினியோ கோஸ்டா மிலான் நகரத்து வழக்கறிஞர். அப்படிக் கைமாறிய ஒரு நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தவர். அந்தக் கோபத்தில் 1,925 லீரா மின்கட்டணத்தைக் கட்ட மாட்டேன் என்றார். சின்னத் தொகைதான், ஆனாலும் வழக்கானது. சில்லறை வழக்குகளைப் பார்க்கும் உள்ளூர் நீதிபதி ஒருவர் லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குக் கேள்வி எழுதி அனுப்பினார். 1964 ஜூலையில் பதில் வந்தது: உறுப்பு நாட்டுச் சட்டமும் ஐரோப்பியச் சட்டமும் மோதினால், ஐரோப்பியச் சட்டம்தான் நிற்கும்.

சரி, இது எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது? எதிலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பில் அன்று இருந்த ஆறு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. பிற்பாடு 2004-இல் ஐரோப்பிய அரசியல் சாசனம் என்று ஒன்றைத் தயாரித்து அதில் எழுதினார்கள். மறு வருடமே பிரான்ஸிலும் நெதர்லாந்திலும் மக்கள் வாக்களித்து அந்தச் சாசனத்தைத் தோற்கடித்தார்கள். இன்று ஒன்றியத்துக்கு அடிப்படையான லிஸ்பன் ஒப்பந்தத்திலும் அது பின்னிணைப்பு அறிவிப்பாகத்தான் இருக்கிறது.

கோஸ்டா தீர்ப்புக்கு ஒரு வருடம் முன்பு, 1963-இல், ஒரு டச்சு நிறுவனம் ஜெர்மனியிலிருந்து ரசாயனப் பொருள் இறக்குமதி செய்த வழக்கு வந்தது. சுங்க வரியை 3 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக்கியது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்பது நிறுவனத்தின் வாதம். அரசுகளுக்கு இடையே போட்ட ஒப்பந்தத்தை ஒரு தனியார் நிறுவனம் காட்டி வழக்காட முடியுமா? முடியாது என்று ஆறில் மூன்று அரசுகள் வாதிட்டன. நீதிமன்றத்தின் சொந்த ஆலோசகரே எதிராகத்தான் கருத்துச் சொன்னார். முடியும் என்று தீர்ப்பு வந்தது.

அதனால் ‘நீதிமன்றம் அரசியல் செய்கிறது’ என்று யாராவது கொதித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. பிறந்த நாளிலிருந்து அது அரசியல்தான் செய்கிறது. ஒரு சிறு விளக்கம்: மனித உரிமை வழக்குகளைப் பார்க்கும் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் வேறு, 46 நாடுகளுக்கானது. நான் பேசுவது 27 நாடுகளின் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தைப் பற்றி.

போலீஸும் இல்லை, ராணுவமும் இல்லை. அப்புறம் ஏன் கேட்டு நடக்கிறார்கள்? எனக்கு இதில் ஆர்வமூட்டும் இடம் அதுதான். லக்ஸம்பர்க் நேராக அரசுக்கு உத்தரவு போடுவது குறைவு. உள்ளூர் நீதிபதி கேள்வி கேட்கிறார், பதில் வருகிறது, அந்தப் பதிலை வைத்துத் தீர்ப்பு எழுதுவது அதே உள்ளூர் நீதிபதி. ‘வெளியூர் நீதிபதிகள் சொன்னால் நாங்கள் கேட்க வேண்டுமா’ என்று ஓர் அரசு சொல்லிவிடலாம். தன் நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை அப்படித் தள்ள முடியாது. 1990-இல் ஸ்பெயின் நாட்டவரின் மீன்பிடிக் கப்பல்கள் தொடர்பான வழக்கில், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நிறுத்தி வைத்தது பிரிட்டிஷ் நீதிமன்றமேதான்.

இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. பெரிய கொள்கையை, அரசு தோற்காத வழக்கில் வைத்துச் சொல்லிவிடுவார்கள். போர்ச்சுகல் நீதிபதிகள் சம்பள வெட்டை எதிர்த்துப் போட்ட வழக்கில், 2018 பிப்ரவரியில், வெட்டு சரியே என்றார்கள். போர்ச்சுகல் அரசுக்குத் திருப்தி. ஆனால் உள்நாட்டு நீதிபதிகளின் சுதந்திரத்தையும் ஐரோப்பியச் சட்டம் காக்கிறது என்ற வரி அதே தீர்ப்பில் உட்கார்ந்திருந்தது. அடுத்த வருடமே அதே வரி போலந்தின் மேல் பாய்ந்தது. நீதிபதிகளைத் தண்டிக்கப் போலந்து உருவாக்கிய ஒழுங்கு அமைப்பை நிறுத்தச் சொல்லியும் கேட்காததால், 2021 அக்டோபரில் தினமும் 10 லட்சம் யூரோ அபராதம். கட்ட மறுத்தார்கள். ஒன்றியம் தர வேண்டிய நிதியில் கழித்துக்கொண்டார்கள்.

2024 ஜூனில் ஹங்கேரிக்கு அகதிகள் விவகாரத்தில் 20 கோடி யூரோ, அதற்கு மேல் தினமும் 10 லட்சம். தண்டிக்கப்பட்ட அரசுகள் ‘எங்கள் இறையாண்மை போச்சு’ என்கின்றன. அந்த அரசுகளும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட சட்டங்கள் இதில் உண்டு. கசப்பான முடிவை நீதிமன்றத்தின் தலையில் கட்டிவிட்டு ஊரில் போய் அதையே திட்டுவது எல்லா நாட்டு அரசியல்வாதிகளுக்கும் வசதியாக இருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

முரண்டு பிடித்தது போலந்து மட்டுமல்ல. 2020 மே மாதம், ஐரோப்பிய மத்திய வங்கி கடன்பத்திரம் வாங்கிய விஷயத்தில் லக்ஸம்பர்க் அதிகாரத்தை மீறிவிட்டது என்று ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றமே சொன்னது. போலந்து ஆட்சியாளர்கள் அதைக் கொண்டாடினார்கள். மறு வருடம் அவர்கள் நாட்டு நீதிமன்றமும் ஐரோப்பிய ஒப்பந்தத்தின் சில பகுதிகள் செல்லாது என்றது. இரண்டும் ஒன்றல்ல என்பது என் கருத்து. ஜெர்மன் நீதிபதிகள் காரணம் கேட்டுச் சண்டை போட்டார்கள். போலந்தில் அந்த நீதிமன்றமே அன்றைய ஆளுங்கட்சி தன் ஆட்களை வைத்து நிரப்பியது. உள்ளூர் நீதிபதி சுதந்திரமாக இருக்கும் வரைதான் லக்ஸம்பர்க்கின் வித்தை பலிக்கும்.

ஆக, இந்த அதிகாரம் எனக்குப் பிரச்சினை இல்லை. என் குறை வேறு. இங்கே மாறுபட்ட தீர்ப்பு என்பதே கிடையாது. விவாதம் ரகசியம், வாக்கு ரகசியம், வெளியே வருவது ஒரே குரல். நாட்டுக்கு ஒருவராக 27 நீதிபதிகள், பதவிக்காலம் ஆறு வருடம். திரும்பவும் நியமனம் வேண்டுமென்றால் சொந்த நாட்டு அரசு பெயர் கொடுக்க வேண்டும். தகுதி பார்க்க ஏழு பேர் குழு இருக்கிறது, ஆனால் பெயர் வருவது அரசிடமிருந்துதான். யார் எப்படி வாக்களித்தார் என்று தெரிந்தால் அரசு பழிவாங்கும், அதனால்தான் ரகசியம் என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் மறுநியமனத்தை எடுத்துவிடுங்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒன்பது வருடம், ஒரே முறை. மாறுபட்ட கருத்தைப் பெயர் போட்டு எழுதுகிறார்கள், அந்த நீதிமன்றம் இடிந்து விழவில்லை.

இத்தனை நாடுகளின் சட்டத்துக்கு மேல் நிற்கும் தீர்ப்பை எழுதுகிறவர்கள், தங்களுக்குள் எங்கே தயங்கினார்கள் என்பதை நாம் படிக்க வேண்டாமா? கோஸ்டா வழக்கில் அமர்ந்தவர்கள் ஏழு நீதிபதிகள். அவர்களில் யாருக்காவது மனம் ஒப்பவில்லையா என்பதற்கு அந்தத் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை.